பலெர்மோ சந்தையில காய் வாங்கி சமைச்ச அனுபவம்: மெனுவை சந்தைகிட்ட விட்டுடுங்க

வெளிநாட்டுக்கு டூர் போறவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி என்னன்னா, சமைக்கிறதுக்கு ஊர்ல இருந்து என்னென்ன எடுத்துட்டு போகணும்ங்கறதுதான். சாம்பார் பொடி, ரெடிமேட் உப்மா, புளியோதரை மிக்ஸ், சின்ன ரைஸ் குக்கர்னு பாதி சூட்கேஸ் அதுலயே போயிடும். நான் சொல்றது இதுக்கு நேர் எதிர். கிச்சன் இருக்கிற வீடா பாத்து எடுங்க, காலையில பக்கத்துல இருக்கிற சந்தைக்குப் போங்க, அங்க அன்னிக்கு எது குவிஞ்சு கிடக்கோ அதை வாங்கி அந்த ஊர்க்காரங்க எப்படி சமைப்பாங்களோ கிட்டத்தட்ட அப்படியே சமைங்க. நாங்க போன செப்டம்பர் ஆரம்பத்துல இத்தாலியில சிசிலி தீவுக்குப் போயிருந்தப்ப, பலெர்மோவுல ஒரு வாடகை ஃப்ளாட்ல தங்கி இப்படித்தான் சாப்பிட்டோம். நான், என் மனைவி, எங்கம்மா. அம்மா தூத்துக்குடிக்காரங்க, ஒரு வேளையாவது சோறு இல்லாட்டி தூக்கம் வராது, மீன் விஷயத்துல யாரையும் நம்ப மாட்டாங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போனதாலதான் இந்த ட்ரிப் இவ்வளவு நல்லா அமைஞ்சதுன்னு நான் மனசார நம்புறேன்.

முதல்ல பேக்கிங் விஷயத்தை முடிச்சிடுறேன், ஏன்னா இதுல நிறைய பேருக்கு விவரம் தெரியாது. ஐரோப்பிய யூனியனுக்குள்ள வெளியில இருந்து போற பயணிங்க கறி, பால் சம்பந்தப்பட்ட பொருள் எதையும் கொண்டு போகக்கூடாது. அதாவது நெய் கூடாது, வீட்ல தட்டின பால்கோவா கூடாது, கருவாடு விஷயம் வேற, மீனுக்குத் தனி விதி இருக்கு. பச்சைக் காய், பழம், இலைக்கும் 2019 டிசம்பர்ல இருந்து செடி நோய் இல்லைங்கற சர்டிஃபிகேட் வேணும். அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம் இந்த அஞ்சுக்கு மட்டும்தான் விலக்கு. அப்ப பச்சைக் கறிவேப்பிலையும் கூடாதுன்னு அர்த்தம். நாங்க எடுத்துட்டுப் போனது ஒரு சின்ன டப்பாவுல மஞ்சத்தூள், மிளகாத்தூள், கடுகு, பெருங்காயம், கொஞ்சம் சீரகம். அவ்வளவுதான். அதுவே மிச்சம் வந்துச்சு.

பலெர்மோவுல பெரிய சந்தைன்னா பல்லாரோ, கபோ, வுச்சிரியா மூணும்தான். வுச்சிரியா இப்ப பெரும்பாலும் ராத்திரி குடிக்கிறவங்க கூடுற இடமா மாறிடுச்சு, காய்கறி வாங்கணும்னா பல்லாரோ இல்ல கபோ. பல்லாரோ, கார்மினே சர்ச்சோட வண்ண ஓடு பதிச்ச கோபுரத்துக்குக் கீழ, குறுகலான தெருவுல ரெண்டு பக்கமும் கூடாரத் துணி கட்டி நீளமா போகும். அரபுக்காரங்க 831ல பலெர்மோவைப் பிடிச்சாங்க, அவங்க ஆட்சிக் காலத்துல இருந்தே இருக்கிற சந்தைன்னு சொல்றாங்க. கத்திரிக்காய் அந்த மண்ணுக்கு வந்ததே அரபுக்காரங்க மூலமாதான், அதுக்கு முன்னாடி அது நம்ம பக்கத்துக் காய். இன்னிக்கு சிசிலிக்காரங்க கத்திரிக்காய் இல்லாம வாழவே மாட்டாங்கன்னு சந்தையைப் பாத்தாலே தெரியும். வியாபாரிங்க கூவுறது கிட்டத்தட்ட பாட்டு மாதிரி இழுத்து இழுத்து வரும், அர்த்தம் புரியலன்னாலும் நின்னு கேக்கத் தோணும்.

முதல் நாள் நாங்க எதுவுமே வாங்கல. இதை எல்லாருக்கும் சொல்வேன், முதல் ரவுண்டு சும்மா நடங்க. எந்த கடையில உள்ளூர் பாட்டிங்க தள்ளுவண்டியோட வரிசையில நிக்கறாங்கன்னு பாருங்க, அவங்க பையில என்ன போகுதுன்னு பாருங்க. அழகா அடுக்கி, வெட்டின பழத்தை பிளாஸ்டிக் கப்ல போட்டு வெச்சிருக்கிற கடை நமக்கானது, அதாவது டூரிஸ்டுக்கானது. அட்டையில கையால விலை எழுதி, ஒண்ணு ரெண்டு காயை மட்டும் மலையா குவிச்சு வெச்சிருக்கிற கடை அந்த ஊருக்கானது. ஒரே காயை நாலு கடையில குவிச்சிருந்தா அதுதான் சீசன், அதுதான் மலிவு, அதுதான் ருசி. இதுக்கு மொழி தெரியணும்னு அவசியமே இல்ல.

அப்படி நடந்துட்டு இருக்கும்போதுதான் அம்மா சடார்னு நின்னுட்டாங்க. ஒரு மூலைக் கடையில வெளிர் பச்சையில, ஒல்லியா, ஒரு ஆள் கை நீளத்துக்கு மேல காய் கிடக்கு, பக்கத்துல அதோட கொடியும் இலையும் பெரிய பெரிய கட்டா. "ஏல, இது சொரக்காய்ல்லா"ன்னாங்க. நான் புடலங்காய் மாதிரி இருக்கேன்னு சொன்னேன், அம்மா ஒத்துக்கவே இல்ல, இலையைப் பாரு, அந்த மெத்துன்னு இருக்கிற ரோமத்தைப் பாரு, சொரை தான்னு அடிச்சு சொன்னாங்க. அவங்க சொன்னதுதான் சரி. குக்குட்சான்னு அங்க சொல்ற இந்தக் காய் நம்ம சுரைக்காயோட அதே இனம், நீளமா வளர்ற வகை. அதோட இளங்கொடியும் இலையும் தெனெரூமின்னு தனியா விக்கும், கோடைக்காலம் பூரா அவங்க வீட்ல அதுதான் கீரை. இத்தாலியிலயே சிசிலியைத் தாண்டி இதைப் பாக்கறது கஷ்டம். நம்ம ஊர்ல சுரைக்காயை வெட்டிட்டு கொடியை மாட்டுக்குப் போடுவோம், சில வீடுகள்ல மட்டும் கொழுந்தைக் கிள்ளி சமைப்பாங்க. அம்மாவோட அம்மா சமைச்சிருக்காங்களாம், இந்தக் கதையெல்லாம் அங்க வெச்சுதான் எனக்குத் தெரிய வந்துச்சு.

அடுத்து சப்பாத்திக்கள்ளிப் பழம். தேரிக்காட்டுப் பக்கம் வேலியில சும்மா கிடக்கிற பழத்தை இவங்க மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு கலர் பிரிச்சு பெட்டியில அடுக்கி வெச்சிருந்தாங்க. நாங்க போன நேரம் முதல் விளைச்சல் பழம், இன்னும் பெருசா தித்திப்பா இருக்கிற ரகம் அக்டோபர் வாக்குல வரும். ஜூன்ல பூவைத் தட்டிவிட்டு மறுபடி பூக்க வெச்சு எடுக்கிற காய்ப்பு அது. கடைக்காரர்கிட்ட சைகை காட்டினா கையுறை போட்டு தோலுரிச்சுக் குடுப்பார், தயவுசெஞ்சு அவரையே உரிக்கச் சொல்லுங்க, கண்ணுக்குத் தெரியாத முள்ளு விரல்ல ஏறினா அன்னிக்கு வேற எதுவும் ஓடாது.

சந்தையில வாங்குற முறை கொஞ்சம் வித்தியாசம். காயை நாமளா தொட்டு, அமுக்கிப் பாத்து எடுக்கறது அங்க மரியாதை இல்ல. கடைக்காரர்தான் எடுத்துப் போடுவார். எப்ப சாப்பிடப் போறீங்கன்னு கேப்பாங்க, இன்னிக்குன்னா பழுத்த தக்காளி, நாளைக்குன்னா கொஞ்சம் கெட்டியானது, அவங்களே பாத்துக் குடுப்பாங்க. "ஓஜ்ஜி"ன்னா இன்னிக்கு, "தொமானி"ன்னா நாளைக்கு, இந்த ரெண்டு வார்த்தையும் "மெட்ஸோ கீலோ"ங்கற அரைக்கிலோவும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. ஆலிவ், சீஸ் மாதிரி ஐட்டத்துக்கு எத்தோன்னு ஒரு கணக்கு, 100 கிராம்னு அர்த்தம், அட்டையில இருக்கிற விலை கிலோவுக்கா எத்தோவுக்கான்னு ஒரு பார்வை பாத்துக்கங்க. சூப்பர்மார்க்கெட்ல கதை வேற, நாமளே எடுக்கணும், ஆனா அங்க வெச்சிருக்கிற மெல்லிசு பிளாஸ்டிக் கையுறையைப் போட்டுட்டு எடுக்கணும், பல கடைகள்ல எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டுறதும் நம்ம வேலைதான்.

மீன் பக்கம் போனா அம்மா ராஜ்ஜியம். கத்தி மாதிரி மூக்கு மேல பாத்து நிக்கிற மாதிரி வாள்மீன் தலையை நட்டு வெச்சிருப்பாங்க, எல்லாரும் அதைத்தான் ஃபோட்டோ எடுப்பாங்க. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பாக்கல, நேரா பெட்டியில வெள்ளி மாதிரி மின்னிக்கிட்டு இருந்த சின்ன மீனுக்குப் போய் நின்னாங்க. சார்தே. நம்ம சாளையோட சொந்தம், கொஞ்சம் ஒல்லி, எண்ணெய்ப் பசை அதே மாதிரி. செவுளைத் திறந்து பாக்க கை நீட்டினாங்க, நான் தடுக்கறதுக்குள்ள மீன்காரரே சிரிச்சுக்கிட்டு ஒரு மீனை எடுத்து செவுளைப் பிரிச்சு சிவப்பைக் காட்டினார், வயித்தை விரலால அமுக்கிக் காட்டினார், அம்மா தலையை ஆட்டினாங்க, வியாபாரம் முடிஞ்சது. ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவா இல்ல. மீன் தெரிஞ்சவங்களுக்கு எந்த ஊர் மீன் சந்தையும் அந்நியம் இல்லன்னு அன்னிக்குப் புரிஞ்சது.

மீன் தெரியாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு, போர்டைப் படிங்க. ஐரோப்பாவுல மீன் எங்க பிடிச்சதுன்னு எழுதி வெக்கணும்னு சட்டம். பெஸ்காத்தோன்னா கடல்ல பிடிச்சது, அல்லெவாத்தோன்னா வளர்த்தது, டெகொஞ்செலாத்தோன்னா உறைய வெச்சு உருக்கினது. எஃப்ஏஓன்னு ஒரு நம்பரும் இருக்கும், எந்தக் கடல் பகுதின்னு காட்டுற நம்பர் அது, 37ன்னு போட்டிருந்தா மத்தியதரைக் கடல், கருங்கடல் பகுதி. நான் 37 போட்டதை மட்டும் வாங்கினேன். திங்கக்கிழமை மீன் வாங்காதீங்க, ஞாயித்துக்கிழமை நிறைய படகு கடலுக்குப் போகாததால சரக்கு கம்மியா, பழசா இருக்க வாய்ப்பு அதிகம். காலையில 9, 10 மணிக்குள்ள போயிடுறது உத்தமம்.

சோத்துக்கு என்ன பண்றதுங்கற கவலைக்கு பல்லாரோ பக்கத்துலயே பதில் கிடைச்சது. பலெர்மோவுல 1980கள்ல இருந்தே இலங்கைத் தமிழர்கள் கணிசமா குடியேறி இருக்காங்க, சந்தைத் தெருக்கள்ல தமிழ்க் கடை, பங்களாதேஷ் கடை எல்லாம் உண்டு. ஒரு கடை வாசல்ல தமிழ் எழுத்தைப் பாத்ததும் அம்மா முகத்துல வந்த வெளிச்சத்தை எழுத்துல சொல்ல முடியாது. உள்ள ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. "எங்கயிருந்து வாறீங்கள், இந்தியாவோ?"ன்னு ஆரம்பிச்சு, எங்க கையில இருந்த சுரைக்கொடிக் கட்டைப் பாத்துட்டு "தம்பி, இதை ஆர் வாங்கச் சொன்னது? நல்ல சாமான், ஆனா முத்தின இலையை எடுக்காதேங்கோ, கொழுந்தை மட்டும் கிள்ளுங்கோ. இஞ்சத்த ஆக்கள் தக்காளியோட பாஸ்தாவில போட்டு தண்ணியா செய்வினம், நாங்கள் பருப்போட காய்ச்சிறனாங்கள்"னு ஒரே மூச்சுல ரெசிப்பியே சொல்லிட்டாங்க. அரிசி, மைசூர்ப் பருப்பு, ஒரு துண்டு புளி வாங்கினோம். சாந்தா ரொசாலியா மலைக்குப் போனீங்களான்னு கேட்டாங்க. பலெர்மோவைக் காக்கறதா நம்புற கத்தோலிக்கப் புனிதர் அவங்க, பெல்லெக்ரீனோ மலைக் குகையில கோயில் இருக்கு, செப்டம்பர் 4 அவங்க திருநாள், தமிழர்கள்ல இந்துக்களும் அங்க போய் வேண்டிக்கறது வழக்கம். அம்மாவும் போகணும்னாங்க, போனோம், அது இன்னொரு நாள் எழுதறேன்.

இப்ப சமையல். வாடகை வீட்டு கிச்சன்ல பெரும்பாலும் கத்தி மொட்டையா இருக்கும், குக்கர் இருக்காது, மிக்ஸி இருக்காது, ஆனா பாஸ்தா வேக வெக்கிற பெரிய பாத்திரம், வடிதட்டு, காபி போடுற மொக்கா பாட் இந்த மூணும் கண்டிப்பா இருக்கும். அதனால அரைக்கிற வேலை, நுணுக்கமா நறுக்கற வேலை இருக்கிற மெனுவை யோசிக்காதீங்க. இன்னொண்ணு கரெண்ட். இத்தாலியில சாதாரண வீட்டுக்கு 3 கிலோவாட் இணைப்புதான் இருக்கும். ஓவன், ஏசி, வாஷிங் மெஷின் மூணையும் ஒரே நேரத்துல போட்டா மெயின் டிரிப் ஆயிடும். எங்க வீட்டுக்காரம்மா சாவி குடுக்கும்போதே மெயின் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு காட்டிட்டாங்க. உங்களுக்குக் காட்டலன்னா நீங்களே கேட்டுக்கங்க. ஓவன் போடும்போது ஏசியை நிறுத்திடுவோம், அவ்வளவுதான் விஷயம்.

முதல்ல கப்போனாட்டா, புளிப்பும் இனிப்புமா செய்யற சிசிலிக் கத்திரிக்காய்ப் பதார்த்தம், ஏன்னா அது முந்தின நாள் ராத்திரியே செஞ்சு வெக்க வேண்டிய ஐட்டம். ரெண்டு பெரிய கத்திரிக்காய், முக்கால் கிலோ வரும், பெரிய துண்டா வெட்டி உப்பு தூவி அரைமணி நேரம் வெச்சு, பிழிஞ்சு, எண்ணெயில நல்லா பொன்னிறமா பொரிச்சு எடுத்துடணும். எண்ணெயைக் குறைக்கணும்னு வதக்கினா அந்த ருசி வராது, பொரிக்கத்தான் வேணும். வேற சட்டியில ஒரு வெங்காயம், மூணு நாலு செலரித் தண்டு வதக்கி, கொட்டை எடுத்த பச்சை ஆலிவ் ஒரு கை, உப்புல போட்ட கேப்பர்ஸ்ங்கற பூமொட்டு ரெண்டு ஸ்பூன், தக்காளி சேத்து சுண்டினதும் வினிகர் மூணு நாலு ஸ்பூன், சர்க்கரை ஒண்ணரை ஸ்பூன். வினிகர் வாசம் அடங்கினதும் கத்திரிக்காயைப் போட்டு ஒரு புரட்டு. கேப்பர்ஸை மட்டும் முன்னாடியே தண்ணியில ஊற வெச்சு ரெண்டு தடவை அலசிடுங்க, இல்லாட்டி உப்பு வாயில வெக்க முடியாது. சூடா சாப்பிடக் கூடாது, அறை சூட்டுலதான் சாப்பிடணும், மறுநாள்தான் புளிப்பும் இனிப்பும் ஒண்ணோட ஒண்ணு சேரும். அம்மா ருசி பாத்துட்டு இது வருஷப் பிறப்பு மாங்காய்ப் பச்சடி மாதிரில்லா இருக்குன்னாங்க, அதை விட சரியா யாராலயும் சொல்ல முடியாது.

என் மனைவி அந்த ராத்திரி ஒரு நல்ல ஷார்ட்கட் கண்டுபிடிச்சா. பல்லாரோவுல வேக வெச்ச உருளைக்கிழங்கு, வேக வெச்ச பீன்ஸ், முழுசா தோலோட ஓவன்ல சுட்ட பெரிய வெங்காயம் எல்லாம் சுடச்சுட தட்டுல வெச்சு விப்பாங்க. வேலைக்குப் போயிட்டு வர்றவங்க அப்படியே வாங்கிட்டுப் போய் எண்ணெய், உப்பு, ஓரிகானோ போட்டு சாப்பிடறதுக்கு. நாள் பூரா சுத்திட்டு களைச்சு வர்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதை விட என்ன வேணும். சுட்ட வெங்காயத்தை உரிச்சு, உருளை, பீன்ஸ், தக்காளியோட கலந்து ஒரு தட்டு போட்டா, அடுப்பைப் பத்த வெக்காமலே ஒரு நேரம் ஓடிடும். எள்ளு ஒட்டின ரவை ரொட்டி அந்த ஊர் ஸ்பெஷல், அதோட சாப்பிட அருமை. அதே மாதிரி பனெல்லே, கடலை மாவைத் தண்ணியில கரைச்சு களி மாதிரி கிண்டி, பார்ஸ்லி போட்டு, தட்டையா ஊத்தி ஆற வெச்சு வெட்டிப் பொரிச்சது, ரொட்டிக்குள்ள வெச்சுக் குடுப்பாங்க. சைவம் சாப்பிடறவங்க பலெர்மோவுல பட்டினி கிடக்க வாய்ப்பே இல்ல. சீஸ் மட்டும் பாத்துக்கங்க, பார்மிஜானோ, பெக்கோரினோ, கச்சோகவால்லோ மாதிரி சீஸெல்லாம் கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டியோட வயித்துல இருந்து எடுக்கிற ரென்னெட் போட்டு திரிய வெக்கறதுதான் வழக்கம். சுத்த சைவம்னா சீஸை விட்டுடுங்க, வறுத்த ரொட்டித்தூள் தூவிக்கங்க, சிசிலியில ஏழை வீடுகள்ல சீஸுக்கு பதிலா அதைத்தான் காலங்காலமா தூவுறாங்க, ருசியில ஒண்ணும் குறையாது.

அடுத்த நாள் மதியம் பெரிய சாப்பாடு. சுரைக்கொடியை ஆய உக்காந்தா ஒரு மணி நேரம் ஆகும், மனசைத் தயார் பண்ணிக்கங்க. கொழுந்து, இளம் இலை, நுனிச் சுருள், மொட்டு எல்லாம் எடுத்துக்கலாம், தண்டு முறிச்சா நார் வந்தா தூக்கிப் போட்டுடணும். மண்ணு இருக்கும், மூணு தண்ணி அலசணும். கட்டு பாக்க தலையணை சைஸ்ல இருக்கும், வெந்தா ஒரு கிண்ணம்தான், அதனால ரெண்டு கட்டு வாங்கிக்கங்க. காயும் போடறதா இருந்தா வெட்டினதும் ஒரு சின்னத் துண்டை நாக்குல வெச்சுப் பாருங்க, கசந்தா முழுக் காயையும் தூக்கிப் போட்டுடுங்க. கசக்கிற சுரைக்காய் விஷம், வேக வெச்சாலும் போகாது, இது எந்த நாட்டுச் சுரைக்காய்க்கும் பொருந்தும்.

ஆலிவ் எண்ணெயில பூண்டு தட்டிப் போட்டு, கால் கிலோ சின்னத் தக்காளியைப் பிச்சுப் போட்டு, லேசா ஒரு காஞ்ச மிளகாய். தக்காளி குழைஞ்சதும் ஒண்ணரை லிட்டர் தண்ணி ஊத்தி, உப்பு போட்டு கொதிச்சதும் கொடி இலையை முழுசா உள்ள தள்ளணும். பத்து நிமிஷம் வெந்ததும் ஸ்பகெட்டியை ஒரு துணியில சுத்தி சின்னச் சின்னதா ஒடிச்சு 200 கிராம் அதே தண்ணியில போட்டு வேக விடணும். தண்ணியை வடிக்கக் கூடாது, இது சூப்புக்கும் பாஸ்தாவுக்கும் நடுவுல இருக்கிற பதம். பாக்கெட்ல போட்டிருக்கிற நிமிஷம் அந்த ஊர்ப் பல்லுக்கு, அம்மாவுக்கு ரெண்டு நிமிஷம் சேத்து வெச்சோம். இறக்கி பத்து நிமிஷம் ஆற விட்டு, மேல காய்ச்சாத ஆலிவ் எண்ணெய் ஊத்தி சாப்பிடணும். அந்தக் கீரையோட மணம் சுரைப்பிஞ்சு மணம்தான், ஆனா இன்னும் லேசா, இன்னும் பச்சையா. நல்ல வெயில்ல மதியம் இப்படித் தண்ணியா ஒரு கீரை ஏன் சாப்பிடறாங்கன்னு முதல் வாய்லயே புரிஞ்சுடும். மிச்ச இலையை அம்மா மைசூர்ப் பருப்போட வேக வெச்சு, கடுகு, பெருங்காயம் தாளிச்சு, சோத்துக்குக் கூட்டு ஆக்கிட்டாங்க. ஒரே கீரை, ரெண்டு அடுப்புல ரெண்டு ஊரு சமையல், ரெண்டுமே நல்லா இருந்துச்சு. எது பெஸ்ட்டுன்னு கேட்டா, அன்னிக்கு அந்தப் பாஸ்தாவைத்தான் சொல்வேன், அம்மா கூட்டைத்தான் சொல்வாங்க.

சாளையை அம்மா கத்தியே இல்லாம சுத்தம் பண்ணினாங்க. தலையைப் பிடிச்சு கீழ ஒரு இழுப்பு, குடலும் சேந்து வந்துடும், கட்டை விரலை வயித்துல ஓட்டி நடு முள்ளை வாலு வரைக்கும் உருவினா மீன் ரெண்டு பக்கமா விரிஞ்சுடும். இது தெரியாதவங்க வாங்கும்போதே "புலீத்தே"ன்னு கேட்டா கூட்டம் இல்லாத நேரத்துல அவங்களே சுத்தம் பண்ணிக் குடுப்பாங்க. பாதி மீனை பெக்காஃபிகோங்கற சிசிலி முறையில செஞ்சோம். ரொட்டித்தூள் 100 கிராமை எண்ணெயில வறுத்து, திராட்சை, பைன் கொட்டை, பார்ஸ்லி, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு கலந்து, விரிச்ச மீன்மேல வெச்சு சுருட்டி, தட்டுல நெருக்கமா அடுக்கி, நடுநடுவுல பிரிஞ்சி இலை மாதிரி அங்க கிடைக்கிற பே இலையைச் சொருகி, எண்ணெய், ஆரஞ்சுச் சாறு தெளிச்சு 180 டிகிரியில கால் மணி நேரம். மீனோட திராட்சையான்னு முதல்ல தோணும். எண்ணெய்ப் பசையான மீனுக்கு அந்த இனிப்பும் புளிப்பும்தான் சரியான ஜோடி, நம்பிச் செய்யுங்க. பைன் கொட்டை விலை அதிகம், சந்தையில ஒரு கை அளவு மட்டும் நிறுத்துக் குடுப்பாங்க, முழுப் பாக்கெட் வேண்டாம்.

மிச்சப் பாதி மஞ்சள், மிளகாத்தூள், உப்பு, எலுமிச்சை தடவி, பாஸ்தா செய்யற அந்த மெல்லிசு ரவையில புரட்டி பொரிச்சது. அந்த ஊர்க்காரங்களும் ரவையில புரட்டித்தான் பொரிக்கறாங்க, மிளகாய் மட்டும்தான் நம்ம வரவு. புளி வாங்கி வெச்சும் குழம்பு வெக்கவே இல்ல, இவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருக்கிற சாளையை எதுக்குக் குழம்புல முக்கணும்னு அம்மாவே சொல்லிட்டாங்க.

மீன் சமைச்சா வாடகை வீட்ல வாசம் தங்கும், அடுத்து வர்றவங்களை நினைச்சு அதையும் கவனிங்க. தலை, குடல் எல்லாத்தையும் பேப்பர்ல சுத்தி அன்னிக்கு ராத்திரியே மக்குற குப்பையில போட்டுடணும், காலை வரைக்கும் வெச்சா அந்த வெயிலுக்கு வீடே நாறும். குப்பையை எந்தக் கிழமை எதைப் போடணும்னு ஒரு தாள் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி இருக்கும், ஃபோன்ல மொழிபெயர்த்துப் படிச்சுக்கங்க. சட்டியில எலுமிச்சைத் தோலைப் போட்டு தண்ணி கொதிக்க விட்டா வாசம் நல்லாவே குறையும். பொரிச்ச எண்ணெயை சிங்க்ல ஊத்தாதீங்க, பழைய பாட்டில்ல ஊத்தி மூடி வெச்சுடுங்க.

எவ்வளவு வாங்கறதுங்கறதுலயும் ஒரு கணக்கு வெச்சுக்கங்க, ரெண்டு வேளைக்கு மேல வாங்காதீங்க. கிளம்பற நாளைக்கு முந்தின நாள் ஃப்ரிட்ஜ் காலியாகற மாதிரி பாத்துக்கங்க. உப்பு, எண்ணெய், சர்க்கரை வாங்கறதுக்கு முன்னாடி அலமாரியைத் திறந்து பாருங்க, முன்னாடி தங்கினவங்க விட்டுட்டுப் போனது பெரும்பாலும் இருக்கும். நாங்களும் மிச்ச அரிசி, பருப்பை மூடி போட்டு வெச்சுட்டு, மஞ்சத்தூள் டப்பாவுல என்னன்னு எழுதி ஒட்டிட்டு வந்தோம்.

ஊருக்குக் கொண்டு வர்றதுக்கு அந்தச் சந்தையில வாங்க வேண்டியது மூணு. கொத்தா காய வெச்ச ஓரிகானோ, காம்போட கட்டி விப்பாங்க, பொடியை விட வாசம் பல மடங்கு. பன்தெல்லேரியா தீவுக் கேப்பர்ஸ், உப்புல போட்டது, வினிகர்ல போட்டது வேண்டாம். அப்புறம் ஸ்த்ராத்து, தக்காளிக் கூழை வெயில்ல நாள்கணக்கா காய வெச்சு கெட்டியாக்கினது, செங்கல் நிறத்துல கும்பாரமா வெச்சு கரண்டியால எடுத்து நிறுத்துக் குடுப்பாங்க. ஒரு ஸ்பூன் போதும், ரசத்துல கூட போட்டுப் பாத்தேன், நல்லா இருக்கு. கூழா இருக்கிறதால இதைக் கைப்பையில வெச்சா ஏர்போர்ட்ல 100 மில்லி கணக்குல பிடிச்சுக்க வாய்ப்பு இருக்கு, செக்கின் பெட்டியிலதான் வெக்கணும். கடையில "சொத்தோவுவோத்தோ"ன்னு கேட்டா காத்து புகாத கவர்ல அடைச்சுக் குடுப்பாங்க, ஆலிவ் வாங்கினா அதையும் அப்படியே அடைக்கச் சொல்லுங்க, இல்லாட்டி எண்ணெய் கசிஞ்சு துணியெல்லாம் வீணாப் போயிடும்.